பொங்காத பாலும் மூன்று விஞ்ஞானிகளும்

உலகத்துக்கு அறிவைப் பங்கு வைத்த நாளில் வேம்படிப்பட்டிக்காரர்களும் போயிருந்தார்கள். வரிசையில் நில்லுங்கள் என்றார்கள், நின்றார்கள். வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை. அதனால் வெறுங்கையோடு, ஆனால் வரிசை கலையாமல், ஊர் திரும்பினார்கள்.

அந்த ஊர்தான் பொன்னுரங்கத்துக்கும். மாமனார் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். குனிந்துதான் உள்ளே போக முடியும். மாமியாரின் மிக்ஸியை அவன் சரிசெய்து கொடுத்ததிலிருந்து, பூஜையறை விளக்கைப் போட்டால்தான் அது சட்னி அரைத்தது.

மாமனார் சபாபதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புது வீடு கட்டியிருந்தார். வீட்டுக்கு முன்பக்கம், ரோட்டைப் பார்த்தபடி ஒரு கடை அறை. அதில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதே ரங்கத்தின் வாழ்நாள் ஆசை. மாமனார் கடைச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, "உருப்படியா ஒரே ஒரு காரியம் செஞ்சு காட்டுங்க மாப்பிள்ளை, தரேன்" என்று சொல்லிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், ரங்கம் நிஜமாகவே ஒன்றைச் செய்துவிட்டான். பால் பொங்காமல் தடுக்கும் கருவி. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி ஃபேன், ஒரு சென்சார், ஒரு ஸ்பீக்கர். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் போதும். பால் எழும்பியதும் ஸ்பீக்கரிலிருந்து நடிகர் கார்வண்ணனின் குரல், "எறங்குடா கீழ" என்று அதட்டும். ஃபேன் ஊதும். பால் மரியாதையாக இறங்கிவிடும்.

குரலை உபயம் செய்தவன் அழகிரி, கார்வண்ணன் ரசிகர் மன்றத் தலைவன். கூட இருந்த இன்னொருவன் ஜெராக்ஸ் கடை குப்புராஜ். பிளஸ் டூவில் இயற்பியலை மூன்று முறை எழுதியவன் என்பதால், ஒரே முறையில் பாஸானவர்களைவிட அதில் பழக்கம் அதிகம்.

பாலை இறக்குவது எது என்பதில் இருவருக்கும் தகராறு வந்தது.

"காத்து பட்டா நுரை அடங்குது. இது விஞ்ஞானம்," என்றான் குப்புராஜ்.

"போன வாரம் உங்க வீட்ல ஃபேனுக்கு நேர் கீழதானே பால் வச்சே? பொங்குச்சா இல்லையா?"

"பொங்குச்சு."

"அங்க தலைவர் குரல் இல்ல."

வேறொரு நடிகரின் குரலைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. அழகிரி குட்டி ஃபேனின் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தன் செல்போனைச் செருகி அந்த நடிகரைப் பேச விட்டான். பால் பொங்கி அடுப்பையே அணைத்தது. விஞ்ஞானம் அன்றோடு வாயை மூடிக்கொண்டது.

இதற்கு பேட்டன்ட் வாங்க வேண்டும் என்று சொன்னவனும் குப்புராஜ்தான். வெளிநாட்டில் செல்போனின் மூலையை வளைவாகச் செய்ததற்கே பேட்டன்ட் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறார்களாம். அழகிரிக்கு அது நியாயமாகப் பட்டது. தலைவர் பைக்கின் மேல் நின்றுகொண்டு சாம்பார் சாதம் சாப்பிட்ட காட்சிக்கு அன்றைக்கே பேட்டன்ட் வாங்கியிருந்தால், இன்றைக்குக் கண்ட பயலும் நின்றுகொண்டு சாப்பிடுவானா என்று வருத்தப்பட்டான்.

சென்னையில் பேட்டன்ட் விண்ணப்பம் எழுதித் தரும் சௌதாமினி மேடத்தைப் போனில் பிடித்தார்கள். அந்த அம்மாள் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இதற்கு முன் யாரிடமாவது இப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ஆளுக்குச் சட்டென்று தோன்றாத யோசனையாக இருக்க வேண்டும். நிஜமான இடத்தில் ஓடுகிறது என்று ஒரு வீடியோ வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், விண்ணப்பம் போடும்வரை இது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது.

போனை வைத்ததும் அழகிரிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"யாருக்கும்னா?" என்றான் அழகிரி.

"யாருக்கும்தான்," என்றான் குப்புராஜ். "நமக்குத் தெரியுதே, அதுவே தப்பு."

"நான் கண்டுபிடிச்சவன்டா," என்றான் ரங்கம்.

"அப்ப நீதான் ரொம்ப ஆபத்தானவன்."

ரங்கத்துக்கு அது சரியாகவே பட்டது. ரகசியத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஃபேன் ரங்கத்துக்கு, குரல் அழகிரிக்கு. அணைக்கும் சுவிட்சைக் குப்புராஜ் கழற்றி, தனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது. ஒருவன் வேலை செய்யும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். தெரிந்ததை மறக்க ரங்கம் கண்ணை மூடி வாய்ப்பாடு சொன்னான்.

பிறகு யாரிடமாவது இப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வீடு வீடாகப் போனார்கள்.

"உங்க வீட்ல அது இருக்குங்களா?"

"எது?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க."

பாதி வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். வடக்குத் தெருவில் ஒரு அம்மாள், இருக்கிறது, ஆனால் தர முடியாது என்று சொல்லிவிட்டாள். மூவரும் சாப்பாடு இறங்காமல் தவித்தார்கள். மறுநாள் போய்க் கெஞ்சியபோது, அது இட்லிக் குண்டான் என்று தெரிந்து உயிர் வந்தது.

சாதாரண ஆளைத் தேடியதுதான் பெரும்பாடு. வேம்படிப்பட்டியில் அப்படி ஒருவரும் இல்லை. டீக்கடைக்காரரைக் கேட்டால் தன் மைத்துனன் கலெக்டர் ஆபீஸில் டிரைவர் என்றார். பூக்காரர், டி.வி.யில் கூட்டத்தோடு கூட்டமாகத் தன் முகம் தெரிந்ததைச் சொல்லிக் கோபித்துக்கொண்டார். கடைசியில், தூங்கிக்கொண்டிருந்த தபால்காரரிடம், "உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்று கேட்டார்கள். அவருக்கு எதுவும் தோன்றவில்லை. யோசனை தேறிவிட்டது.

மிச்சம் வீடியோ. நிஜமான இடம், நிஜமான பால். ஊரிலேயே பெரிய பால் அந்த வெள்ளிக்கிழமை சபாபதியின் கிரகப்பிரவேசத்தில்தான் காயப்போகிறது என்று ரங்கம் கண்டுபிடித்தான். மாமனார் கண்ணெதிரிலேயே கருவி ஓடும். கையோடு சாவி வாங்கிவிடலாம். கிரகப்பிரவேசத்தில் பால் எதற்காகக் காய்ச்சுகிறார்கள் என்று மூவரில் ஒருவன்கூட யோசிக்கவில்லை. யோசிக்கும்படி மேடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கருவியை அடுப்புக்கு மேலே மாவிலைத் தோரணத்துக்குள் மறைத்துக் கட்டினார்கள். மூவரும் ஒரே இடத்தில் இருந்தால் விஷயம் கசிந்துவிடும் என்று குப்புராஜ் வாசலுக்குப் போய்விட்டான். அழகிரி வீடியோ எடுக்கச் செல்போனோடு மூலையில் நின்றான்.

ஐயர் மந்திரம் சொன்னார். மாமியார் புதுப் பானையில் பால் ஊற்றினாள். சொந்தபந்தம் முழுக்கப் பானையைச் சுற்றி நின்றது. பால் விளிம்புவரை எழும்பியது. பெண்கள் குலவையிட வாயெடுத்தார்கள்.

"எறங்குடா கீழ," என்றது தோரணம்.

பால் இறங்கியது. கூடவே, மொட்டை மாடியில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த இளவட்டங்களும் இறங்கி வந்தார்கள். ஏணியில் நின்று சீரியல் செட் கட்டிக்கொண்டிருந்தவரும் இறங்கினார். மணையில் உட்கார்ந்திருந்த ஐயர், தான் எங்கே இறங்குவது என்று தெரியாமல் சபாபதியைப் பார்த்தார்.

மறுபடி எழும்பியது. மறுபடி அதட்டல். குலவைக்குத் திறந்த வாய்கள் திறந்தபடியே இருந்தன. பால் பொங்காத வீடு விளங்குமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். நல்ல நேரம் முடியப்போகிறதென்று ஐயர் கடிகாரத்தைக் காட்டினார். சபாபதியின் முகம் கறுத்தது.

"மாப்பிள்ளை, என்னமோ நீங்கதான் பண்றீங்கன்னு எனக்குத் தோணுது," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

ரங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது. தோரணத்தைப் பிய்த்தால் ஊருக்கே ரகசியம் தெரிந்துவிடும், பேட்டன்ட் போச்சு. விட்டால் சாவி போச்சு. வாசலுக்கு ஓடினான்.

"குப்பு, சுவிட்ச் எங்கடா?"

"யாரு கேக்கறது?"

"நான்தான்டா, ரங்கம்."

"மேடம் சொன்ன 'யாருக்கும்'ல நீ வருவியா, மாட்டியா?"

ரங்கம் யோசித்துப் பார்த்தான். "வருவேன்," என்றான் நேர்மையாக.

"அப்ப சொல்லக் கூடாது."

வேண்டுமானால் மேடத்திடம் கேட்கலாம் என்றான் குப்புராஜ். மேடத்தின் போன் அணைக்கப்பட்டிருந்தது. அதை அணைத்த சுவிட்ச் எங்கே என்று அவருக்காவது தெரிந்திருக்கிறதே என்று ரங்கம் பொறாமைப்பட்டான்.

அவன் திரும்பி வந்தபோது பால் பாதியாகியிருந்தது. பிறகு கால்வாசி. அழகிரி கண் கலங்க வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். தலைவர் குரலுக்கு இவ்வளவு கட்டுப்பட்ட பாலை அவன் பார்த்ததே இல்லை. கடைசியில் பானைக்குள் எழும்ப எதுவும் மிச்சமில்லை. அடியில் மணக்க மணக்கப் பால்கோவா இருந்தது.

வீடே ஐயரைப் பார்த்தது. ஐயருக்கு அடுத்த வீட்டில் இன்னொரு விசேஷம் இருந்தது.

"பொங்கினா வழிஞ்சு போயிடும். இங்க எல்லாம் திரண்டு நின்னிருக்கு. இந்த வீட்டு லட்சுமி வெளிய போகவே மாட்டா," என்று சொல்லிவிட்டுத் தட்சணையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சொந்தபந்தத்துக்கு ஆளுக்கொரு விரல் பால்கோவா கிடைத்தது. தங்கள் வீட்டுக்கும் இதே முறையில் செய்ய வேண்டும் என்று அங்கேயே இரண்டு பேர் கேட்டார்கள். சபாபதி இடுப்பு முடிச்சை அவிழ்த்தார்.

"என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரியல, மாப்பிள்ளை."

"தெரியக் கூடாது, மாமா," என்றான் ரங்கம் பணிவாக. சாவி கைக்கு வந்தது.

கருவியை இன்றுவரை அணைக்க முடியவில்லை. குப்புராஜ் சுவிட்சை வைத்த இடத்தை, மேடம் சொன்னபடி, தானும் மறந்துவிட்டான். சபாபதி வீட்டில் சோறு கொதித்தாலும் ரசம் நுரைத்தாலும் கார்வண்ணன் அதட்டுகிறார். மாடியில் குடிவந்தவர்கள் மாதத்துக்கு ஒரு குடும்பமாக இறங்கிப் போகிறார்கள்.

அந்தக் கருவியை அடக்க இன்னொரு கருவி செய்வதென்று மூவரும் இப்போது புதுக் கடையில் இறங்கியிருக்கிறார்கள். போன தடவை ரகசியத்தை மூன்று பேருக்குத் தெரியவிட்டதுதான் தவறு என்று தீர விவாதித்து முடிவு செய்தார்கள். அதனால் இந்தத் தடவை கடை வாசலில் "உள்ளே ஆராய்ச்சி நடக்கிறது" என்று பலகை மாட்டி, கதவைப் பூட்டி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று பேரும் வெளியே காவல் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே யாரும் இல்லை.