ஜமீன்தார் சுட்ட வாத்து

டுமீலென்று ஒரு சத்தம். அடுத்த நொடி நூறு சிறகுகள் படபடத்தன. ஏரியில் ஒரு வாத்துகூட விழவில்லை.

"போ, எடுத்துட்டு வா!" என்று கத்தினார் மருதங்குளம் ஜமீன்தார். லாப்ரடார் நாய் டியூக் கரையிலேயே உட்கார்ந்து கொட்டாவி விட்டது. பறவை விழுவதைக் கண்ணால் பார்த்தால்தான் தண்ணீரில் இறங்குவேன் என்று அதற்கொரு பிடிவாதம்.

ஜமீன்தாரின் கோபம் நாய் பழக்குகிற சடையன்மேல் திரும்பியது. "நாளைக்குக் கலெக்டர் துரை வர்றார். நான் சுட்டதும் இது வாத்தோட வரணும். இல்லேன்னா அடுத்த குண்டு இதுக்குத்தான்."

"வரும் எசமான்" என்றான் சடையன்.

மறுநாள் ஜமீன்தார் சுட்டார். நாணலுக்குள் ஒளிந்திருந்த சடையனின் பெண்டாட்டி காத்தாயி, சந்தையில் வாங்கிய செத்த வாத்து ஜோடியை உயரத் தூக்கி எறிந்தாள். டியூக் பாய்ந்து நீந்திப்போய்க் கவ்விவந்து, கலெக்டர் காலடியில் போட்டது.

வாத்துகளின் கால்களைச் சேர்த்துச் சந்தைக்காரன் கட்டிய வாழைநாரைச் சடையன் வேண்டுமென்றே அவிழ்க்கச் சொல்லவில்லை.

"என்னப்பா, காலெல்லாம் கட்டியிருக்கு?" என்றார் கலெக்டர்.

சடையன் கைகட்டி நின்றான். "எங்க எசமான் துப்பாக்கியைத் தூக்கினா அப்படித்தான் துரை. தப்ப முடியாதுன்னு அதுங்களே காலைக் கட்டிக்கிட்டு விழுந்துடும்."

கலெக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஜமீன்தார், இந்த நாயை எனக்குத் தந்துடுங்க."

"அதெப்படி? இது எங்க அரண்மனையோட செல்லமாச்சே!" என்றார் ஜமீன்தார், முகம் சிவக்க. துரை எதிரே சொன்ன பிறகு அதை எப்படிச் சுடுவது?

சடையன் டியூக்கை ஓரமாகக் கூட்டிப்போய், சாகப்போகிற நாய்க்கு எதற்கென்று நேற்று காதில் விட்டுவைத்திருந்த உண்ணிகளைப் பிடுங்கத் தொடங்கினான்.