மூன்றாவது பெட்டியும் சுட்டது

அந்த விமானம் பறக்கும்போதெல்லாம் அதன் மின்னணுப் பெட்டி சூடேறி அணைந்தது. இரண்டு முறை மாற்றியும் பலனில்லை. மூன்றாவது பெட்டியும் கொதித்தது.

“சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா உங்க எல்லாருக்கும் வேலை போச்சு!” என்று கத்தினார் தலைமை இன்ஜினியர் வைத்தீஸ்வரன்.

உதவி மெக்கானிக் ரெஜினா முன்னால் வந்தாள். “சார், ஒரு காகிதத்தைக் கிழிக்கணும். அதுக்கு உங்க கையெழுத்து வேணும்.”

“காகிதம் கிழிக்கவா?” அவர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

புதிதாக எந்தப் பெட்டி வந்தாலும் அவர் உத்தரவுப்படி அதன்மேல் ஓர் அறிவிப்பை ஒட்டுவார்கள். ரெஜினா அதை உரித்தாள். அதுவரை அதன் அடியில் அடைபட்டிருந்த காற்றுத் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

அவர் முகம் சிறுத்தது. “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

ரெஜினா அறிவிப்பை அவரிடமே நீட்டினாள்.

‘என் அனுமதியின்றி யாரும் இதைத் தொடவோ, இதைப் பற்றிப் பேசவோ கூடாது. – வைத்தீஸ்வரன்.’