பிழையோடு போன திருத்தம்

பஸ் ஸ்டாண்டில் "தென்காசி வண்டி ஒன்றாவது பிளாட்பாரத்தில் நிற்கிறது" என்று ஒரு பெண் குரல் சொல்லுமே, அந்தக் குரலுக்குப் பின்னால் மூன்று அறிவாளிகள் இருந்தார்கள். அவர்கள் பராமரித்த சாப்ட்வேருக்குக் கூவி என்று பெயர். எந்த ஊரும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கருவேலம்பட்டியில் புதிய பதிப்பு ஓடியது. வெள்ளாங்கரையில் பழையது, ஓடி ஓடிப் பழகியதால் அதற்கு 'நிலையான பதிப்பு' என்று மரியாதை.

அந்த நிலையானது ஒருநாள் தடுமாறியது. எல்லா எண்ணிலும் ஒன்றைக் கூட்டிச் சொன்னது. ஐந்தாவது பிளாட்பாரத்தில் நின்ற சங்கரன்கோவில் வண்டியை ஆறாவது என்றது. அங்கே ஆறாவதே கிடையாது. ஐந்தைத் தாண்டினால் கட்டணக் கழிப்பறைதான். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு அங்கே போய் நின்றார்கள். காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்த்தவர்களும் உண்டு.

வெள்ளாங்கரை டைம்கீப்பர் இசக்கிமுத்து போன் போட்டுப் புலம்பினார். வெள்ளிக்கிழமை அம்மன் கோவில் கொடை விழா, ஊரே திரண்டு வரும், இது இப்படியே கூவினால் தன்னை டிப்போவில் டயர் கழுவ அனுப்பிவிடுவார்கள் என்றார்.

"கவலைப்படாதீங்க அண்ணாச்சி, முறைப்படி செஞ்சிருவோம்" என்றார் அந்த மூவரின் தலைவர் அனந்தப்பன்.

முறை என்னவென்றால், கூவியை முதலில் எழுதிய புண்ணியவான் வேறு வேலைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனது: எந்தத் திருத்தமும் முதலில் புதிய பதிப்பில் சேர வேண்டும், அதற்குப் பிறகே பழையதற்குப் போக வேண்டும்.

மூவரில் இரண்டாமவன் பொன்ராசு புதிய பதிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகம் வாடினான்.

"அண்ணே, புதுசுல இந்தத் தப்பே இல்லையே. இல்லாததை எப்படித் திருத்த?"

அனந்தப்பன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "அப்போ முதல்ல தப்பைப் போடு."

மூன்றாமவள் ஞானதீபம் உட்கார்ந்து தப்பைப் போட்டாள். அவள் எழுதியதிலேயே முதல் தடவையில் ஒழுங்காக வேலை செய்தது அதுதான். மூவரும் டீ குடித்துவிட்டு வந்து அதைத் திருத்தினார்கள். புதிய பதிப்பில் திருத்தம் சேர்ந்தாயிற்று.

இனி வெள்ளாங்கரைக்கு அனுப்ப வேண்டும். திருத்தத்தை மட்டும் அனுப்பலாமா என்று பொன்ராசு கேட்டான்.

"தனியா போய் அது எதைத் திருத்தும்?" என்றாள் ஞானதீபம். "போன இடத்துல திருதிருன்னு முழிக்கும். தப்பையும் துணைக்கு அனுப்பு."

இரண்டும் போயின. அங்கே ஏற்கெனவே ஒரு தப்பு. போனது ஒன்று கூடியது. திருத்தம் ஒன்றைக் கழித்தது. பரிசோதித்துப் பார்த்தால் கூவி பழையபடியே கூவியது. அனந்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன பண்ணாலும் அசைய மாட்டேங்குது பாரு. இதான்டா நிலையான பதிப்பு."

இசக்கிமுத்து கேட்டுப் பார்த்தார். அதே ஆறு. இவர்களை நம்பினால் டயர்தான் என்று தெரிந்துவிட்டது. பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், பிளாட்பாரத் தூண்களில் எழுதியிருந்த ஒன்றை இரண்டாக்கி, இரண்டை மூன்றாக்கி, ஐந்தை ஆறாக்கினார். கொடை அன்று ஒரு ஆள்கூட வண்டி மாறி ஏறவில்லை. டிப்போ மேனேஜர் அவருக்குச் சால்வை போர்த்தினார்.

தங்கள் சாதனையைப் பார்க்க மூவரும் நேரில் வந்தார்கள். பெயிண்ட் சரியாகக் காயாத தூணில் சாய்ந்து நின்ற பொன்ராசு திரும்பியபோது அவன் முதுகில் நான்கு என்று அச்சு விழுந்திருந்தது. விஷயம் புரிந்ததும் அனந்தப்பன் இடிந்துபோனார்.

"திருத்தம் நேரா பழைய ஊருக்கே வந்திருச்சே. புதிய ஊருக்கு முதல்ல போகலையே."

அன்றைக்கே பெயிண்ட் வாங்கிக்கொண்டு கருவேலம்பட்டிக்கு ஓடினார்கள். அங்கிருந்த டைம்கீப்பரம்மா, இங்கே எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று தடுத்துப் பார்த்தார். சரியாக இருப்பதால்தான் இவ்வளவு தாமதம் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லாத் தூணிலும் ஒன்றைக் கூட்டினார்கள்.

மறுநாள் அங்கே மதுரைக்குக் கிளம்பிய கல்யாணக் கோஷ்டி ராஜபாளையத்தில் இறங்கியது. அந்தம்மா போட்ட சத்தத்தில் மூவரும் பதறி, வெள்ளாங்கரையில் நன்றாக ஓடுகிற பழைய பதிப்பையே கொண்டுவந்து அங்கே மாட்டினார்கள். ஒன்று கூட்டிக் கூவியது. தூணும் ஒன்று கூடியிருந்தது. எல்லாம் கச்சிதம்.

இப்போது புதிய பதிப்பு எந்த ஊரிலும் ஓடவில்லை. அதைப் பற்றி ஒரு புகார்கூட வரவில்லை. மூவரும் கூடி ஆலோசித்து, இவ்வளவு நிலையானதை இதுவரை பார்த்ததில்லை என்று, நிலையான பதிப்புப் பட்டத்தை அதற்கே கொடுத்துவிட்டார்கள்.