பேண்டோனியனுக்கு ராகுகாலம்

துருத்தியை விரித்து வாசிக்கும் பழைய பேண்டோனியன் ஒன்றை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார் செல்வந்தர் ஞானாதிக்கம்.

"ஜெர்மனியில் செய்தது. நூறு வருஷமாக யாரும் கை வைக்காதது!"

தூசி துடைக்கும் தெரேஸ் முகர்ந்து பார்த்தாள். "மைதாப் பசை வாசனை வருதுங்களே ஐயா."

"என்ன திமிர்! ஒரு திருகாணியையும் தொடாமல் நிரூபி. இல்லையென்றால் உன் வேலை போச்சு!"

"நான் எதையும் தொடலைங்க. நீங்களே ஒரு பாட்டு வாசிங்க."

அவர் பெருமையோடு துருத்தியை முழுக்க விரித்தார். மடிப்புக்குள் ஒட்டுப்போட்டிருந்த நாள்காட்டித் தாள் தெரிந்தது.

தெரேஸ் குனிந்து படித்தாள். "வியாழன், ராகுகாலம் ஒன்றரை முதல் மூன்று. ஜெர்மன்காரங்க நேரம் பார்த்துத்தான் செஞ்சிருக்காங்க ஐயா!"

அருகில் நின்ற அருங்காட்சியகக் காப்பாட்சியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். "பெயர் அட்டையில் என்ன எழுதட்டும் தெரேஸ்?"

"பிறந்த வீடு ஜெர்மனி, புகுந்த வீடு சிவகாசின்னு எழுதுங்க சார்."