ரத்தம் விலகிய பக்கம்

“ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போயிரலாம் மேடம். வயித்தைத் திறந்தா ரத்தம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சிருவேன். இதுல ஒண்ணுமே தெரியலை.”

சொன்னவர் டாக்டர் தேவசகாயம். வயது ஐம்பத்து மூன்று. இருபத்தைந்து வருடம் வயிறுகளைத் திறந்து தைத்த சர்ஜன். வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி கற்றுக்கொள்ள வந்து நான்கு மாதம் ஆகிறது.

கற்றுக்கொடுப்பவர் டாக்டர் ஜன்னத். அவரைவிடப் பதினேழு வயது இளையவர்.

மேசையில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தார் கொத்தனார் இசக்கியப்பன். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர். காலையில் சாரத்தில் நின்றபடியே ரத்தம் கக்கினார். இப்போது மயக்கத்தில், செயற்கை சுவாசத்தில்.

திரை முழுக்கச் சிவப்பு.

தேவசகாயம் தண்ணீரைப் பாய்ச்சினார். உறிஞ்சினார். மறுபடியும் சிவப்பு.

“பிரஷர் எழுபது,” என்றார் மயக்க மருந்து கொடுப்பவர். “அடுத்த பாட்டில் ரத்தம் ஏத்துறேன். சீக்கிரம்.”

“எவ்வளவு நேரமா உறிஞ்சுறீங்க சார்?” ஜன்னத் கேட்டார்.

“பத்து நிமிஷமா.”

“குறைஞ்சுதா?”

“இல்லை.”

ஜன்னத் அவர் கையிலிருந்த குழாயை வாங்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றிப் போய் இசக்கியப்பனின் தோளில் கை வைத்தார்.

“சிஸ்டர், இடுப்பைப் பிடிங்க. வலப்பக்கம் திருப்பணும். மெதுவா.”

திருப்பினார்கள்.

திரையில் சிவப்பு சரிந்தது. தேங்கிக் கிடந்த ரத்தம் மறுபக்கம் போய்ச் சேர, இரைப்பையின் சுவர் வெளிறிய ரோஜா நிறத்தில் மேலே வந்தது. அதில் ஒரு புண். புண்ணின் நடுவே கடுகளவு புள்ளி. ஒவ்வொரு துடிப்புக்கும் அது பீய்ச்சியது.

தேவசகாயம் திரைக்கு அருகில் குனிந்தார்.

“இவ்வளவு நேரமும் இங்கயா இருந்துச்சு?”

“இங்கதான் சார்.”

அவர் குழாயை நீட்டினார். “நீங்களே கிளிப் போடுங்க மேடம்.”

ஜன்னத் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முதல் கிளிப் வழுக்கியது. தேவசகாயம் மறுபடி குறி பார்த்தார். இரண்டாவது கவ்வியது. பீய்ச்சல் நின்றது. பக்கத்தில் இன்னொன்றும் போட்டார்.

ஐந்து நிமிடம் அந்தப் புள்ளியையே பார்த்திருந்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

“பிரஷர் நூறு.”

வெளியே இசக்கியப்பனின் மனைவி சங்கரவடிவு எழுந்து ஓடி வந்தாள்.

“எங்கய்யா அறுத்தீக? தையல் எத்தனை?”

“அறுக்கவே இல்லைம்மா,” என்றார் தேவசகாயம்.

அவள் நம்பாமல் ஜன்னத்தைப் பார்த்தாள். ஜன்னத் தலையசைத்தார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கை கழுவும் இடத்தில் தேவசகாயம் ஜன்னத்தின் பக்கம் திரும்பினார்.

“மேடம், ஆளைத் திருப்பணும்னு உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?”

“ஒரு பேஷண்ட்.”

“பேஷண்டா?”

“அப்போ நானும் இப்படித்தான் உறிஞ்சிக்கிட்டே இருந்தேன் சார். அந்தம்மாவுக்குப் பொறுக்கலை. அவங்களே புரண்டு படுத்துட்டாங்க.”