குளம் ஓடி வந்த பாட்டு

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்குப் பாடம் சொன்ன உலகம்மைக்கு முப்பத்திரண்டு. யாப்பும் அணியும் முறையாகத் தெரிந்தவர் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. அதனால் வயதைப் பார்க்காமல் மூன்று வருடமாக உலகம்மையின் முன் கீழே உட்கார்ந்து பாடம் கேட்டு வந்தார். ஊர்க் குளத்தின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவருடைய பொறுப்பு.

ஐப்பசி மழையில் குளம் உடைந்தது. கீழத்தெருவில் ஆறு வீடுகள் போயின. இரண்டு பேர் செத்தார்கள்.

பதினாறாம் நாள் இரங்கல் கூட்டம். அதில் படிக்கப் பாட்டு எழுதிக்கொண்டு காலையிலேயே உலகம்மை வீட்டுக்கு வந்துவிட்டார் கோமதிநாயகம்.

"அம்மா, இது தற்குறிப்பேற்ற அணிதானே? இயல்பாக நடந்த ஒன்றின்மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. சரியாக வந்திருக்கிறதா?"

உலகம்மை தாளை வாங்கிப் படித்தார்.

*விளைந்த வயல்மேல் கொண்ட ஆசையால்*
*கரையை உடைத்து வந்தது குளம்.*

அவர் முகம் கறுத்துவிட்டது. தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதைச் சரிபார்க்க வேண்டியது நான் இல்லை. எழுந்திருங்கள்."

இருவரும் கீழத்தெருவுக்குப் போனபோது மாடத்தி மண்வெட்டியோடு வீட்டுக்குள்ளிருந்து சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். செத்த இரண்டு பேரில் ஒருவன் அவள் புருஷன்.

"படியுங்கள்" என்றார் உலகம்மை.

கோமதிநாயகம் தாளை விரித்தார். இரண்டு அடியையும் படித்தார். மாடத்தி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. குளத்துக்கு வயலு மேல ஆசைங்கீக."

அவர் தலையசைத்தார்.

"மடையத் தொறந்தா மொத மொதல்ல முங்குறது உங்க வயலு. எங்க வீட்டுக்காரரு ரெண்டு வாட்டி உங்க வாசல்ல வந்து நின்னாரே, குளம் நெறஞ்சிருச்சு, தொறந்து விடுங்கன்னு. அறுப்பு முடியட்டும்னு சொன்னது குளமாய்யா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அடுத்த வெட்டுச் சேறு அவர் காலடியில் வந்து விழுந்தது. வேட்டியெல்லாம் தெறித்தது.

தெருமுனை தாண்டியதும் கோமதிநாயகம் வெடித்தார்.

"அணியென்றால் என்னவென்றே தெரியாதவள் முன்னால் என்னை நிறுத்திவிட்டீர்களே! அவமானப்படுத்தத்தான் கூட்டி வந்தீர்களா?"

"ஆமாம்."

"மூன்று வருடம் உங்கள் காலடியில் கிடந்தேனே, அதற்கு இதுதானா?"

உலகம்மை நின்றார். அவர் குரல் உயர்ந்து கோமதிநாயகம் அதுவரை கேட்டதே இல்லை.

"காலையில் நீங்களே ஒப்பித்த இலக்கணத்தில் ஒரு சொல்லை வசதியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். 'இயல்பாக.' குளம் இயல்பாகவா உடைந்தது?"

கோமதிநாயகம் தாளை இரண்டு கையாலும் பிடித்தார்.

"பாட்டும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். இதோ, கிழித்துப் போட்டுவிடுகிறேன்."

உலகம்மை அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"கிழிக்கக் கூடாது. கூட்டத்தில் நீங்கள்தான் படிக்க வேண்டும். மாடத்தியும் இருப்பாள்."

"இத்தனை திட்டிவிட்டு, படிக்கவும் சொல்கிறீர்களே?"

"சொற்களில் பிழை இல்லை. ஆசையும் உண்மை, உடைந்ததும் உண்மை. ஒன்றே ஒன்றை மாற்றிவிட்டுப் படியுங்கள்."

"எதை?"

"எழுவாயை."

கோமதிநாயகம் அந்த இரண்டு அடியையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மறுபடி சொன்னார். இந்த முறை 'குளம்' என்று வர வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார்.