சிறகு காயாத நீர்க்காகம்

ஒரு பெரிய குளத்தின் நடுவில் பட்டுப்போன மருதமரம் ஒன்று நின்றது. அதில் இலை ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் அந்தக் குளத்து நீர்க்காகங்களுக்கு அதுதான் கோயில்.

நீர்க்காகத்தின் சிறகு வாத்தின் சிறகு மாதிரி அல்ல. முங்கி எழுந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். அதனால் மீன் பிடித்து முடித்ததும் நீர்க்காகங்கள் மரத்தில் உட்கார்ந்து, இரண்டு சிறகையும் அகல விரித்து வெயிலில் காயவைக்கும். ஞாயிற்றுக்கிழமை கரையிலுள்ள ஆலயத்தில் மணி அடித்தால் போதும், எல்லாம் ஒன்றாக வந்து சேரும். "ஆண்டவரே, ஸ்தோத்திரம்!" என்று சொல்லிவிட்டு, சிறகை விரித்துச் சும்மா இருக்கும். கரையிலிருந்து பார்த்தால் மரமெங்கும் சின்னச் சின்னச் சிலுவைகள் காய்த்த மாதிரி இருக்கும்.

ஒரு கிளை மட்டும் எப்போதும் காலி. அது தங்கபுஷ்பத்தின் கிளை.

தங்கபுஷ்பம் நல்ல நீர்க்காகம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறகொடிந்த கூழைக்கடாப் பறவை செல்லத்துரைக்கு அவள்தான் தினமும் இரை கொண்டுபோய்க் கொடுப்பாள். தாயில்லாத கொக்குக் குஞ்சுகளுக்கும் அவள்தான். குளத்தில் எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். மீன்களின் அபிப்பிராயம் வேறாக இருக்கலாம். அவற்றை நாம் கேட்க வேண்டாம்.

"ஏ தங்கபுஷ்பம், மணி அடிச்சாச்சு! மரத்துக்குப் போகலியா?" என்று கேட்டார் ஆமை பொன்னையா. கரையோரப் பாறையில் கழுத்தை நீட்டி வெயில் காய்வது அவருடைய வழக்கம்.

"உங்கள மாதிரி பாறை மேல கெடக்க எனக்கு நேரம் ஏது அண்ணே? குஞ்சுக பசியில கெடக்கு! செல்லத்துரை மாமா காத்துட்டு இருக்காரு!"

"கொஞ்ச நேரம் பொறுக்க மாட்டாங்களா?"

"நான் செய்யுதது ஆண்டவர் வேலை! அதுக்கு ஓய்வு என்ன ஓய்வு? அவர்கிட்ட ராத்திரி பேசிக்கிடுதேன்!"

ராத்திரி வரும். "ஆண்டவரே..." என்று தொடங்குவாள். ஆமென் வருவதற்குள் தூங்கிப்போவாள்.

இப்படியே நாள் போயிற்று. காயாத சிறகு மேலும் மேலும் கனத்தது. பறக்கும்போது அவள் வயிறு தண்ணீரைத் தொட்டது. குணமும் மாறிப்போனது. "மெதுவா விழுங்கத் தெரியாதா உங்களுக்கு!" என்று குஞ்சுகளிடம் எரிந்து விழுந்தாள். அவை பாதி மீனோடு மிரண்டு நின்றன.

அறுப்பின் பண்டிகை நெருங்கியது. அந்த நாளில் ஆலயத்தில் அசனம் நடக்கும். ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் விருந்து அது. "நாமளும் ஒரு அசனம் வைப்போமே!" என்றன பறவைகள். "யார் பொறுப்பு?" என்று யாரோ கேட்டு முடிப்பதற்குள், "நான் பாத்துக்கிடுதேன்!" என்றாள் தங்கபுஷ்பம். மற்ற பறவைகள் நிம்மதியாக வாயை மூடிக்கொண்டன.

பண்டிகையன்று விடிந்ததும் முங்கத் தொடங்கினாள். கரையில் கெண்டை மீன்கள் குவிந்தன. அதோடு விட்டிருக்கலாம். "மாமாவுக்கு விரால்னா உசுரு. ஒண்ணே ஒண்ணு!" என்று ஆழத்தில் பாய்ந்தாள்.

விரால் அகப்பட்டது. ஆனால் அவளால் மேலே வர முடியவில்லை! சிறகு இரண்டும் நனைந்த சாக்கு மாதிரி கீழே இழுத்தன. விரால் நழுவி ஓடியது. ஒருமுறை தலை வெளியே வந்தது. மறுபடி தண்ணீர் மூடியது.

"ஆண்டவரே! என்னைத் தூக்கும்!" என்று உள்ளுக்குள் கதறினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் தூங்கிவிழாமல் செய்த முதல் ஜெபம் அதுதான்.

மற்ற எல்லாருக்கும் விருந்து அவசரம். பாறையில் சும்மா கிடந்த பொன்னையாவின் கண்ணில்தான் அந்தத் தலை பட்டது. தொப்பென்று தண்ணீரில் விழுந்தார். அவளுக்கு அடியில் நீந்திப்போய் ஓட்டின் மேல் ஏந்திக்கொண்டார். மெல்ல மெல்லப் பாறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

"சிறகை விரி!"

"அண்ணே, அசனம்... மீன்..."

"பேசாத! முதல்ல விரி!"

அப்போது மணி அடித்தது. தங்கபுஷ்பம் நடுங்கிக்கொண்டே சிறகை விரித்தாள். வெயில் தோளில் இறங்கியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆண்டவரே, இந்தக் குளத்தையே நான்தான் தாங்குதேன்னு நெனச்சுட்டேன். மன்னியும்!" என்றாள். பிறகு ஒன்றும் பேசவில்லை. அப்படியே இருந்தாள். அவள் சும்மா இருந்ததால் வானம் இடிந்து விழவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

சிறகு காய்ந்த பிறகு பயந்துகொண்டே கரையைப் பார்த்தாள். அங்கே செல்லத்துரை முழங்கால் தண்ணீரில் நின்று, பெரிய அலகால் மீனை அள்ளி அள்ளிக் குஞ்சுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்!

"மாமா! நீங்க மீன் பிடிப்பீங்களா?"

"பிடிக்காம என்ன! ஒடிஞ்சது சிறகுதானே, அலகு இல்லையே! நான் தண்ணியில காலு வைக்கதுக்குள்ள நீ வாயில திணிச்சிருவ. சொல்லக்கூட விடமாட்ட!"

பறவைகள் எல்லாம் சிரித்தன. தங்கபுஷ்பம்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். மனசிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கிப்போயிருந்தது. அசனம் கொஞ்சம் தாமதமாகத்தான் நடந்தது. ஆனால் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. மருதமரத்தில் காலியான கிளை இல்லை.

பொன்னையாவுக்குக் குறும்பு போகவில்லை. "என்ன தங்கபுஷ்பம், குஞ்சுக பசியில கெடக்குமே!" என்று பாறையிலிருந்து கூப்பிட்டார்.

"மாமா இருக்காரு அண்ணே! அவருக்கும் மேல ஒருத்தர் இருக்காரு. நான் அவர்கிட்டதான் பேசிட்டிருக்கேன். கொஞ்சம் சும்மா இருங்க!"

வெயில் ஏறிய பிறகு அவள் கிளையை விட்டு எழும்பினாள். வயிறு தண்ணீரைத் தொடாமல் உயரப் பறந்து, குஞ்சுகளுக்கு இரை தேடப் போனாள்.

ஆண்டவருக்காக ஓடி ஓடி உழைக்கிறவர்கள், ஓட்டத்தை நிறுத்தி அவர் முன்னால் இளைப்பாறவும் வேண்டும். ஓடுவதற்கான பெலன் அங்கேதான் கிடைக்கிறது.